காணாக்கடி

நுழையும்முன்

கடித்தது எதுவென்று தெரியவில்லை. ஆயினும் உடலெங்கும் தடிப்பு. காலையில் கையில் இருந்தது, நண்பகலில் முதுகில் இருக்கிறது. மருத்துவரிடம் காட்டச் சென்றால், காட்டுவதற்கு ஓர் அடையாளமும் இல்லை. வந்த சுவடு தெரியாமல் மறையும் இத்துன்பத்தைத் தமிழ் மக்கள் 'காணாக்கடி' என்று அழைத்தனர். அது ஏன் வருகிறது, எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது ஒரு நொடியும் தாழ்த்தக் கூடாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பெயரில் உறையும் உண்மை

நோய்களின் பெயர்கள், மக்கள் அவற்றை எவ்வாறு நோக்கினர் என்பதைக் காட்டும். இலத்தீன் மொழியில் 'உர்ட்டிகா' என்பது, தொட்டவுடன் அரிப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும் சுணைச் செடி ஒன்றின் பெயர். அதன் வழியாகவே மேலை மருத்துவத்தில் இந்நோய் 'உர்ட்டிகேரியா' எனப்பட்டது. அத்தகைய செடிகள் நமக்கும் புதியன அல்ல. காஞ்சொறி தமிழகத்தின் புதர்களிலும் வேலியோரங்களிலும் வளர்கிறது. பூனைக்காலிக் காயின் சுணை பட்டால் என்ன ஆகும் என்பதை ஆடு மேய்க்கும் சிறுவரும் அறிவர்.

இருப்பினும், தமிழ் மக்கள் செடியின் பெயரை நோய்க்குச் சூட்டவில்லை. தடிப்பு, பூச்சி கடித்ததைப் போன்றே தோன்றுகிறது. கடித்த பூச்சியையோ காண முடியவில்லை. எனவே 'காணாக்கடி' என்றனர். தோற்றத்தைக் கூறுவதோடு, 'காரணம் கண்ணுக்குப் புலப்படவில்லை' என்னும் உண்மையையும் இச்சொல் ஒளிக்காமல் கூறுகிறது. அந்தக் காணாத காரணத்தைத் தேடிச் சென்ற வரலாறே ஒவ்வாமை அறிவியலின் வரலாறு.

தடிப்பின் இயல்பு

காணாக்கடியின் தடிப்பு, சுற்றிலும் சிவந்தும் நடுவில் சற்று வெளிறியும் மேடாகத் தோன்றும். கடுகளவாகவும் இருக்கலாம், உள்ளங்கையளவு பரந்து, ஒன்றோடொன்று கூடி நிலப்படம் போலவும் விரியலாம். அரிப்பு மிகுதியாக இருக்கும். இதன் தனி அடையாளம் ஒன்றுண்டு. ஓரிடத்தில் தோன்றிய தடிப்பு, பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் வடுவின்றி மறைந்துவிடும். அது மறையும்போதே வேறோர் இடத்தில் புதியது தோன்றக்கூடும். ஆகவே, நோய் இடம்பெயர்ந்து ஓடுவது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. ஒரே தடிப்பு ஒரு நாளைக் கடந்தும் நீடித்தாலோ, அரிப்பைவிட வலி மிகுந்திருந்தாலோ, மறைந்த இடத்தில் கன்றிய நிறம் தங்கினாலோ அது வேறு நோயாக இருக்கலாம்; மருத்துவரிடம் அதனைத் தவறாமல் கூறவேண்டும்.

சிலருக்குத் தோலின் அடிப்பகுதியிலும் நீர் கோத்து, இமையும் உதடும் வீங்கும். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் காணாக்கடிக்கு ஆளாவர் என்பது மருத்துவர் கணிப்பு. ஆறு வாரங்களுக்குள் அடங்குவதைக் குறுகியகாலக் காணாக்கடி என்றும், ஆறு வாரங்களைக் கடந்தும் அடிக்கடி தோன்றுவதை நெடுங்காலக் காணாக்கடி என்றும் வகைப்படுத்துவர். இப்பாகுபாடு வெறும் கணக்கன்று. இரண்டிற்கும் காரணங்கள் பெரிதும் வேறுபடுகின்றன.

கோட்டையும் காவலரும்

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்தில், குன்றைச் சூழ்ந்து நிற்கும் கோட்டையை 1687ஆம் ஆண்டில் இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர் கட்டினார். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில் போவோர் அதன் மதில்களைத் தொலைவிலிருந்தே காணலாம். மதில் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பப்பட்டதன் நோக்கம், பகைவரை வெளியிலேயே தடுப்பது. நம் உடலுக்கும் அத்தகைய புறமதில் ஒன்றுண்டு, அது தோல். அம்மதிலின் உட்புறம் காவலரும் உள்ளனர். அவர்களுள் ஒரு வகையினர் 'மாஸ்ட் செல்கள்' எனப்படும் அணுக்கள். ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1878ஆம் ஆண்டில், மாணவராக இருந்தபோதே இவற்றை இனங்கண்டு பெயரிட்டார்.

ஒவ்வொரு மாஸ்ட் செல்லினுள்ளும் நுண்ணிய மணிகள் நிறைந்திருக்கும். அவற்றில் 'ஹிஸ்டமின்' என்னும் வேதிப்பொருள் அடைபட்டுள்ளது. காவலர் ஆபத்து என்று கருதியவுடன் இம்மணிகளைச் சிதறவிடுவர். வெளிப்பட்ட ஹிஸ்டமின் நுண்ணிய குருதிக் குழாய்களை விரியச் செய்கிறது, தோல் சிவக்கிறது. குழாய்ச் சுவர்களில் இடைவெளி உண்டாகி நீர் கசிகிறது, தோல் தடிக்கிறது. நரம்பு முனைகளை அது தூண்டுகிறது; அரிப்பு எழுகிறது. சிவப்பு, தடிப்பு, அரிப்பு என்னும் மூன்றும் ஒரே பொருளின் செயல்கள் என்பது இதனால் விளங்கும். கசிந்த நீர் மீண்டும் உறிஞ்சப்பட்டதும் தடிப்பு மறைகிறது. திசுவிற்கு அழிவு நேராததால் வடுவும் இல்லை.

காவலர் உண்மையான பகைவரைக் கண்டு ஓசை எழுப்பினால் அது பாதுகாப்பு. விருந்தினரைப் பகைவரென்று தவறாக எண்ணி ஓசை எழுப்பினால் அது ஒவ்வாமை. பெரும்பாலோர்க்கு நல்லுணவாகும் இறாலும் நிலக்கடலையும் ஒருவருக்கு மட்டும் துன்பம் தருவது இதனால்தான். குற்றம் பொருளிலும் இல்லை. உண்டவர் ஒழுக்கத்திலும் இல்லை. காவலரின் கணிப்பில் நேர்ந்த பிழை அது.

அறிவு வந்த வழி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் கடல்வாழ் உயிரினங்களின் நஞ்சை ஆராய்ந்தனர். நஞ்சைச் சிறிதளவு முன்பே செலுத்தினால் உடல் அதனைத் தாங்கப் பழகும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. முதல்முறை நஞ்சு செலுத்தப்பட்டுப் பிழைத்த நாய்க்குச் சில வாரங்கள் கழித்து மிகச் சிறிதளவு மீண்டும் செலுத்தினர். அந்நாய் அரை மணி நேரத்திற்குள் இறந்தது. பழகுவதற்கு மாறாக, உடல் முன்னினும் கடுமையாகக் கிளர்ந்தது. 1902இல் வெளியான இக்கண்டுபிடிப்பிற்காக ரிஷேவுக்கு 1913ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. 1906இல் ஆஸ்திரிய மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே, உடலின் இத்தகைய மாறுபட்ட எதிர்வினையைக் குறிக்க 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். 'வேறு', 'செயல்' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. தமிழில் அதனை 'ஒவ்வாமை' என்கிறோம்.

ஒவ்வாமையைத் தூண்டுவது குருதியில் உள்ள ஏதோ ஒன்று என்பதை 1921இல் பிரவுஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்னும் இரு மருத்துவர்கள் தம் உடலிலேயே சோதித்து அறிந்தனர். கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஒவ்வாது. பிரவுஸ்னிட்ஸுக்கு மீனால் தீங்கில்லை. கூஸ்ட்னரின் குருதிநீரைப் பிரவுஸ்னிட்ஸின் தோலில் ஓரிடத்தில் செலுத்தினர். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியபோது அவ்விடம் மட்டும் தடித்துச் சிவந்தது. அந்த 'ஏதோ ஒன்று' எதுவென்று அறிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966இல், அமெரிக்காவில் ஆய்வு செய்த ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா ஆகியோர் அதனை ஒரு புதுவகை எதிர்ப்பொருள் என்று கண்டனர். அது பின்னர் 'இம்யூனோகுளோபுலின் – இ' எனப் பெயர் பெற்றது. முதல்முறை ஒரு பொருள் உடலுட் செல்லும்போது இவ்வெதிர்ப்பொருள் உருவாகி மாஸ்ட் செல்களின்மேல் அமர்ந்துகொள்கிறது. அடுத்தமுறை அப்பொருள் வரும்போது மணிகள் சிதறுகின்றன.

'இத்தனை ஆண்டுகளாகத் தின்ற பொருள்தானே, இது எப்படி ஒவ்வாமல் போகும்?' என்று பலர் வினவுவதற்கு விடை இங்கேயே உள்ளது. முன்பு உடலுட் சென்ற பொருளுக்கே இவ்வகை ஒவ்வாமை தோன்றும். பழகிய பொருள் என்பது ஐயத்தை நீக்கும் சான்றாகாது.

காரணம் தேடல்

குறுகியகாலக் காணாக்கடிக்கு, குறிப்பாக இளையோரிடம், வைரசுத் தொற்று ஒரு முதன்மைக் காரணம். சளியோ காய்ச்சலோ வந்த சில நாள்களில் தடிப்பு தோன்றும். பெனிசிலின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகளும், ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்ற வலிநீக்கிகளும் சிலர்க்குக் காரணமாகலாம். உணவுகளுள் முட்டை, பால், நிலக்கடலை, மீன், இறால், நண்டு ஆகியன குறிப்பிடத்தக்கவை. உணவினால் விளையும் தடிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் தோன்றிவிடும். எனவே, நேற்று உண்ட கத்தரிக்காயைக் குற்றம் சாட்டுவதற்குமுன் இன்று இரண்டு மணி நேரத்திற்குள் உண்டதையும் விழுங்கிய மாத்திரையையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வீட்டுக் கொல்லையிலும் காரணம் இருக்கலாம். முருங்கை மரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சியின் மயிர் தோலில் பட்டாலும், காற்றில் பறந்து உலரும் துணியில் படிந்தாலும் கடுமையான அரிப்பும் தடிப்பும் உண்டாகும். அப்போது தேய்த்தால் மயிர் மேலும் ஆழப் பதியும். ஒட்டுநாடாவை அவ்விடத்தில் ஒட்டி எடுத்து மயிரை நீக்கியபின் சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதே முறை. உடுத்திய துணியையும் துவைத்துவிட வேண்டும்.

உடலின் புறச்சூழலும் காவலரைத் தூண்டும். விளையாட்டுத் திடலில் ஓடி வியர்க்கும்போது ஊசிமுனை போன்ற சிறு தடிப்புகள் சிலர்க்குத் தோன்றும். இது இளம்பருவத்தினரிடம் மிகுதி. சிலர்க்குக் குளிரும், சிலர்க்கு வெயிலும், இறுக்கமான இடைவாரின் அழுத்தமும் காரணமாகும். நகத்தால் தோலில் எழுதினால் எழுத்துத் தடித்து நிற்கும் இயல்புடையோரும் உளர்.

நெடுங்காலக் காணாக்கடியிலோ நிலைமை வேறு. பெரும்பாலோர்க்குப் புறக்காரணம் எதுவும் இருப்பதில்லை. பலரிடம், உடலின் எதிர்ப்பொருள்களே தம் மாஸ்ட் செல்களைத் தாக்கித் தூண்டுகின்றன. கடிப்பது வெளியே இல்லை, உள்ளேயே இருக்கிறது. இதனை அறியாமல், முட்டையை விட்டு, மீனை விட்டு, பாலை விட்டு, இறுதியில் சோறும் இரசமும் மட்டுமே உண்டு மெலிவோர் உளர். வளரும் பருவத்தில் இத்தகைய பத்தியம், நோயைவிடப் பெருந்தீங்கு.

தெரிந்து தெளிவோம்

எல்லா மீன் தடிப்பும் ஒவ்வாமை அன்று. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய ஊர்களில் பிடிபடும் மீன்கள் உள்ளூர்ச் சந்தைகளுக்கு வருகின்றன. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பனிக்கட்டியில் வைக்காவிட்டால், நுண்ணுயிர்கள் அவற்றின் தசையில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது அழியாது. அம்மீனை உண்டவர்க்கு முகம் சிவத்தலும் தடிப்பும் தலைவலியும் தோன்றும். ஒரே குழம்பை உண்ட பலர்க்கும் ஒருங்கே இவ்வாறு நேர்ந்தால், ஐயுற வேண்டியது மீன் கெட்டுப்போனதையே.

தோற்றம் ஒன்று, நோய் வேறு

அரிப்பெல்லாம் காணாக்கடி ஆகாது. தொடு ஒவ்வாமை என்பது வேறொரு வகை. இது உடனே தோன்றாது. பொருள் பட்டு ஒன்றிரண்டு நாள்களுக்குப் பின், பட்ட இடத்திலேயே தோல் சிவந்து கொப்புளித்து நீர் கசியும். பல நாள் நீடிக்கும். ஆதனக்கோட்டை முதலிய ஊர்களில் முந்திரிக்கொட்டை உடைப்போர், கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வது அதன் தோட்டிலுள்ள எண்ணெயின் கொடுமையை அறிந்ததனால்தான். முந்திரியின் உறவான சேங்கொட்டையின் சாறும் அத்தகையது. சலவைத் தொழிலாளர் துணியில் அடையாளமிடப் பயன்படுத்திய அச்சாற்றால், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படைவீரர் பலர்க்குக் குறி பட்ட இடத்தில் தோல் புண்ணாயிற்று. ஒட்டுப்பொட்டின் பசை, தலைமுடிச் சாயம், நிக்கல் கலந்த காதணி ஆகியனவும் தொடு ஒவ்வாமையை விளைவிப்பன. 1950களில் புனே நகரில் முதலில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியச் செடி, உழவர்கள் பலர்க்கு முகத்திலும் கழுத்திலும் தீராத் தோலழற்சியைத் தந்துள்ளது.

இரவில் மிகும் அரிப்பு, விரலிடுக்குகளில் சிறு கொப்புளம், வீட்டில் பலர்க்கும் ஒரே துன்பம் என்றால் அது சொறிசிரங்காக இருக்கலாம், அது தொற்றக்கூடியது. வட்டமாக ஓரம் மட்டும் சிவந்து படர்வது படர்தாமரை. அது பூஞ்சைத் தொற்று. இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் அரிப்பு அடங்கியதுபோல் தோன்றும். பூஞ்சையோ பெருகிப் படரும். மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கும் களிம்பு, நோயை மறைத்து வளர்க்கும்.

கைவைத்தியமும் காலமும்

காணாக்கடிக்கு வெற்றிலையில் மிளகு வைத்து மென்று தின்னச் சொல்வதும், வேப்பிலையால் தடவி மந்திரிப்பதும் சிற்றூர்களில் வழக்கம். செய்த சில மணி நேரத்தில் தடிப்பு மறைந்துவிடும். ஆனால் ஒன்று: எதுவும் செய்யாதிருந்தாலும் அது மறைந்திருக்கும். தானே மறையும் நோயில், எதனைச் செய்தாலும் அதனால் மறைந்ததாகவே தோன்றும். மருந்து ஒன்று பயன் தந்ததா என்பதை அறிய, அம்மருந்து உண்டவரையும் உண்ணாதவரையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று அறிவியல் வற்புறுத்துவது இதனால்தான்.

பெரியோர் அன்போடு தரும் வெற்றிலை மிளகு பெரும்பாலும் தீங்கு செய்யாது. மூச்சுத் திணறும் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாமல் மந்திரித்துக் கொண்டிருப்பது உயிரைப் பறிக்கும். வழக்கத்தை மதிப்பதற்கும் ஆபத்தை உணர்வதற்கும் இடையே ஒரு கோடு உண்டு. அக்கோட்டை அறிந்து வைத்திருப்பது கற்றவர் கடமை.

செய்யத்தக்கன

தடிப்பு மட்டுமே இருந்தால் அச்சம் வேண்டா. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி எடுத்தல், தளர்ந்த பருத்தியாடை உடுத்தல், நகத்தைக் குறுக வெட்டுதல், வெந்நீர்க் குளியலைத் தவிர்த்தல் ஆகியன அரிப்பைத் தணிக்கும். ஹிஸ்டமினின் செயலைத் தடுக்கும் மருந்தை 1937இல் டேனியல் போவே தம் குழுவினரோடு முதன்முதலில் கண்டறிந்தார். அவர் 1957இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வழியில் வந்த மருந்துகளே இன்றும் முதன்மைச் சிகிச்சை. பழைய வகை மருந்துகள் உறக்கத்தைத் தருவன. தேர்வு எழுதுவோரும் வண்டி ஓட்டுவோரும் அதனை மருத்துவரிடம் கூறி உறக்கம் குறைந்த புதிய வகையைக் கேட்டுப் பெறலாம். நெடுங்காலக் காணாக்கடியில், தடிப்பு வரும்போது மட்டும் உண்ணாமல், மருத்துவர் கூறிய காலம்வரை நாள்தோறும் உண்பதே பயன்தரும். இந்நோய் பலர்க்கு ஓரிரு ஆண்டுகளில் தானே அடங்கிவிடும் என்பதும் ஆறுதல் தரும் உண்மை.

மருந்தோடு மற்றொன்றும் வேண்டும், அது குறிப்பேடு. தடிப்பு தோன்றிய நாள், நேரம், அதற்கு இரண்டு மணி நேரம் முன்புவரை உண்டவை, விழுங்கிய மருந்து, செய்த வேலை, வியர்வை, காய்ச்சல், மறைந்த நேரம் ஆகியவற்றை எழுதிவருதல் வேண்டும். மறைந்துவிடும் தடிப்பை ஒளிப்படம் எடுத்து வைப்பது மருத்துவர்க்குப் பேருதவி. ஒரே பொருள் தடிப்போடு சேர்ந்து வந்தால் அதனை ஐயுறலாம். ஒருமுறை வந்ததைக் கொண்டு முடிவு செய்யலாகாது. விட்ட உணவை மீண்டும் உண்டு சோதிப்பதும் மருத்துவர் மேற்பார்வையிலேயே நடைபெற வேண்டும். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாடுக என்று 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறையும் இதுவே.

ஆபத்தின் அறிகுறிகள் வேறு. தடிப்போடு நாக்கு அல்லது தொண்டை வீங்குதல், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், இடைவிடாத வாந்தி, தலைசுற்றி மயங்குதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அது உயிருக்கு இடர் தரும் கடும் ஒவ்வாமையாகக் கொள்ளப்பட வேண்டும். உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவேண்டும். மயக்கமுற்றவரைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து அமரச் செய்யலாம். அவரைத் திடீரென்று எழுப்பி நிறுத்துவதோ நடக்கவைப்பதோ கூடாது. தொடைத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே அப்போது உயிர்காக்கும் மருந்து. மாத்திரையைக் கொடுத்துக் காத்திருத்தல் தகாது. சற்றுத் தேறினாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருத்தல் வேண்டும். துன்பம் மீண்டும் எழக்கூடும்.

உடனிருப்போர் கடமை

காணாக்கடி தொற்றுநோய் அன்று. தொட்டாலும், அருகில் அமர்ந்தாலும், ஒரே தட்டில் உண்டாலும் பரவாது. ஆயினும் தடித்த முகத்தோடு வகுப்பிற்கு வரும் மாணவி அருகில் எவரும் அமராதிருப்பதும், 'என்ன தின்றாய்?' என்று பலரும் வினவுவதும் நிகழ்கின்றன. இரவெல்லாம் அரிப்பால் உறங்காதவர்க்குப் பகலில் படிப்பில் மனம் செல்லாது. திருமணப் பேச்சு நின்றுவிடுமோ என்று அஞ்சிப் பெற்றோர் நோயை மறைப்பதும் உண்டு. மறைப்பதால், ஒரு மாத்திரையில் அடங்கக்கூடிய துன்பம் பல ஆண்டுகள் நீள்கிறது.

காரணம் காணப்படாத நோயில், நோயாளியையே காரணமாக்கிப் பழிப்பது எளிது. அது அறமும் அன்று, அறிவும் அன்று. அருகில் அமர்வதும், உறங்காத இரவின் பாடத்தை மறுநாள் சொல்லித்தருவதும், அவர்க்கு ஒவ்வாத உணவையும் மருந்தையும் நண்பர்கள் அறிந்து வைத்திருப்பதும் எவரும் செய்யக்கூடியவை. வகுப்பில் ஒருவருக்கு நிலக்கடலை ஒவ்வாது என்றால், கடலைமிட்டாயைப் பகிரும்முன் அதனை நினைவில் கொள்ளும் ஒரு நண்பர், ஓர் உயிரைக் காத்தவராகவும் ஆகலாம்.

இலக்கணக்குறிப்பு

காணாக்கடி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
தீராத் தோலழற்சி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
தடிப்பு – தொழிற்பெயர்

கற்பவை கற்றபின்

1. 'காணாக்கடி' போன்று, தோற்றத்தாலோ காரணத்தாலோ அமைந்த நோய்ப்பெயர்களை உங்கள் ஊர் முதியோரிடம் கேட்டுத் தொகுக்க. அப்பெயர்கள் அமைந்த காரணத்தையும் எழுதுக.

2. தானே மறையும் நோய்க்கு ஒரு மருந்து பயன் தந்ததா என்பதை எவ்வாறு சோதிப்பீர்கள்? வகுப்பில் கலந்துரையாடுக.

3. ஒவ்வாமைக் குறிப்பேட்டிற்குரிய அட்டவணை ஒன்றை வடிவமைத்து, கடும் ஒவ்வாமையின் அறிகுறிகளையும் 108 என்னும் எண்ணையும் அதன் முதற்பக்கத்தில் எழுதி வகுப்பறையில் வைக்க.